கூகுள் இருக்க நூலகத் தரவுத்தளம் எதற்கு?

கேள்வி: ஆய்வுக் கட்டுரைக்கு எல்லாமே கூகுளில் கிடைக்கிறதே, நூலகத் தரவுத்தளத்தில் தேடச் சொல்கிறார் வழிகாட்டி. ஏன்?

பதில்: எல்லாமேவா? பல ஆய்விதழ்களில் சுருக்கம் மட்டும் தெரியும், முழுக் கட்டுரையைத் திறந்தால் பணம் கேட்கும். அதற்கு உங்கள் நூலகம் ஏற்கெனவே சந்தா கட்டியிருக்கலாம். உறுப்பினர் கணக்கில் நுழைந்தால் 1995இல் தொடங்கிய ஜேஸ்டோர் (JSTOR) போன்ற ஆய்விதழ்த் தொகுப்புத் தளங்களில் பல பழைய இதழ்களை முதல் இதழிலிருந்தே புரட்டலாம், ஆண்டுவாரியாக வடிகட்டலாம். ஆனால் கூகுளில் கேட்பதுபோல் முழு வாக்கியமாகக் கேட்காதீர்கள். முக்கியச் சொற்களை மட்டும் போடுங்கள், ஒரு நல்ல கட்டுரை சிக்கியதும் அதற்குக் கொடுத்திருக்கும் பொருள் தலைப்புகளை (அது எதைப் பற்றியது என்று தரவுத்தளம் குறித்திருக்கும் சொற்களை) வைத்து மறுபடி தேடுங்கள், அப்புறம் பாருங்கள். சரி, கூகுளே வேண்டாமா? விஷயம் ஒன்றுமே புரியாத முதல் நாளில் நானும் அங்கேதான் போவேன்.