பதிப்பு மாறும்போது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் ஐந்து பேர் நான்கு ஆண்டுகளாகச் சனிக்கிழமை இரவுகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை ஆடி வருகிறோம். 2024இல் வெளிவந்த புதிய விதிநூலை வாங்கிய நாளிலிருந்து மேசையில் சச்சரவு ஓயவில்லை. பாலடின் என்ற புனிதப் போர்வீரனாக ஆடும் நண்பர், தன் பாத்திரத்தின் கையை வெட்டிவிட்டார்கள் என்கிறார். "பழைய நூல் உங்கள் அலமாரியில்தானே இருக்கிறது, யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லையே" என்று நான் கேட்டதற்குப் பிறகு இரண்டு வாரங்களாக அவர் ஆட வரவில்லை. ஒரு விளையாட்டின் விதி மாறுவதற்கு இவ்வளவு கோபம் ஏன்?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் நண்பரிடம் சொன்னது தர்க்கப்படி சரி. ஆனால், பதிப்பு மாறும்போதெல்லாம் யாரோ ஒருவர் சொல்லும் அந்த வாதம் யாரையும் சமாதானப்படுத்தியதாக நான் கண்டதில்லை. இந்த ஆட்டத்தைத் தனியாக ஆட முடியாது. நூல் அலமாரியில் இருந்தாலும், புதிதாகச் சேர்பவர் இன்று கடையில் கிடைப்பதைத்தான் வாங்கி வருவார்; பதிப்பாளரும் இனி வரும் சாகசங்களைப் புதிய விதிகளுக்கே எழுதுவார். பேசுவோர் குறைந்துபோன வட்டார வழக்கைப் போலப் பழைய பதிப்பு மெல்லத் தனித்துப்போகும். உங்கள் நண்பர் அஞ்சுவது இதற்குத்தான். நூல் பறிபோகும் என்று அவர் நினைக்கவில்லை.

ஆயினும் எல்லா மாற்றங்களும் ஒரே அளவு கோபத்தை எழுப்பியதில்லை. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய இந்த ஆட்டம் 1974இல் வெளிவந்ததிலிருந்து பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒருவரின் கவச எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். தாக்குபவரின் எண் 18, எதிரியின் கவச எண் 5 என்றால், கழித்துப் பார்த்து, இருபது முகப் பகடையில் 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும் என்று அறிய வேண்டும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இதைத் தலைகீழாக்கியது: கவச எண் 15, உங்களுக்குக் கூடுதல் 2, பகடையில் விழுந்ததோடு கூட்டிக்கொள்ளுங்கள். தேவைப்படுவது அதே 13தான். பழைய கழித்தலில் கைதேர்ந்தவர்கள் அப்போதும் முணுமுணுத்தார்கள். ஆனால் வாளை வீசுபவன் என்ன செய்கிறான் என்பது மாறாததால், பெரும்பாலோர் கூட்டலுக்குப் பழகிக்கொண்டார்கள்.

2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது நடந்தது வேறு. அது கணினி விளையாட்டைப் போல ஆகிவிட்டது என்ற குற்றச்சாட்டைச் சோம்பேறித்தனமானது என்றே நினைக்கிறேன். போர்க்களத்தை அவ்வளவு நுட்பமாக வடிவமைத்த பதிப்பு வேறில்லை. உண்மையான காயம் வேறிடத்தில் இருந்தது. அதில் ஏழாம் நிலைப் போர்வீரனுக்கு ஒரு திறன் உண்டு. அதைப் பயன்படுத்தினால் சுற்றியுள்ள எதிரிகள் அவன் பக்கத்தில் வந்து அடி வாங்குவார்கள். ஒரு சண்டைக்கு ஒரு முறைதான். தொலைவில் நின்று அம்பெய்பவன் ஏன் வில்லோடு நடந்து வந்து வாளுக்கு முன் நிற்க வேண்டும், அடுத்த நிமிடமே அதே வீரன் மறுபடி அழைத்தால் ஏன் முடியாது என்ற கேள்விகளுக்கு விதி பதில் சொல்லவில்லை. விதி என்பது அந்தக் கற்பனை உலகம் இயங்கும் முறையைச் சொல்வது என்று நம்பி ஆடியவர்களுக்கு, அது மேசைமீதுள்ள பொம்மைகளை நகர்த்தும் முறையை மட்டுமே சொல்கிறது என்றாகிவிட்டது. பின்னர் வந்த திருத்தத்தில், எதிரியின் மனவுறுதியை வென்றால்தான் அந்தத் திறன் பலிக்கும் என்று மாற்றினார்கள். அதற்குள் பலர் மேசையை விட்டு எழுந்துவிட்டிருந்தனர்.

எழுந்தவர்களுக்குப் போக இடமும் இருந்தது. மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளைப் பிற பதிப்பாளர்களும் பயன்படுத்தலாம் என்று 2000இல் இந்த ஆட்டத்தை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனமே திறந்த உரிமம் வழங்கியிருந்தது. அந்த உரிமத்தைக் கொண்டு பைஸோ நிறுவனம் 2009இல் பாத்ஃபைண்டர் என்ற பெயரில் பழைய விதிகளைச் செப்பனிட்டு வெளியிட்டது. பழைய பதிப்பை ஆடுவோர் தனித்துப்போகவில்லை. புதிய நூல்களும் புதிய ஆட்டக்காரர்களும் அவர்களைத் தேடி வந்தனர். அதே பாத்ஃபைண்டர் 2019இல் தன் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, அதன் வாசகர்களில் ஒரு பகுதியினர் "எங்களுக்குப் பழையதே போதும்" என்றார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2023 ஜனவரியில் எழுந்த பெரும் எதிர்ப்பை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது அந்தத் திறந்த உரிமத்தையே திரும்பப் பெறும் முயற்சிக்கு எதிரானது. அந்த மாத இறுதிக்குள் விஸார்ட்ஸ் நிறுவனம் பின்வாங்கி, ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை யாரும் பயன்படுத்தத்தக்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டது. கோபத்துக்குப் பயன் உண்டு என்பதற்கு அதை நான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன்.

இனி உங்கள் பாலடினுக்கு வருகிறேன். ஐந்தாம் பதிப்பான 2014 நூலின்படி அவர் அடித்து, அடி விழுந்த ஒவ்வொரு முறையும், கையில் மந்திர இருப்பு உள்ளவரை, தெய்வீகத் தாக்குதல் என்ற கூடுதல் அடியைச் சேர்த்துக்கொள்ளலாம். 2024இல் அதுவே ஒரு மந்திரமாகவும் போனஸ் செயலாகவும் (தன் முறை வரும்போது ஒன்று மட்டுமே செய்யக்கூடிய கூடுதல் செயல்) மாறியதால், ஒரு முறைக்கு ஒரு தடவைக்கு மேல் முடியாது. சமநிலைக்காகச் செய்த மாற்றம் அது, நியாயமானதும்கூட. ஆனால், நான்கு ஆண்டுகளில் ஏதோ ஓர் இரவில், எல்லோரும் வீழ்ந்த பிறகு, அவர் அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி அடித்து உங்கள் அனைவரையும் காப்பாற்றியிருப்பார் என்று ஊகிக்கிறேன். புதிய விதிப்படி அந்த இரவு நடந்திருக்க முடியாது. சமநிலையைப் பற்றி நீங்கள் பேசும்போது, அவர் காதில் விழுவது அதுதான்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கதையை 2014 விதிகளிலேயே முடித்துவிடுங்கள். அடுத்த கதைக்குப் புதிய நூலைத் திறக்கலாம். அதில் அவரை வேறொரு பாத்திரம் எடுக்கச் சொல்லுங்கள். முதலில் தொலைபேசியில் அழைத்து, அலமாரியைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

அன்புடன்