கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

மகனின் பொறியியல் கட் ஆஃப் 200-க்கு 168. ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சி.எஸ்.இ. படிக்க ஆண்டுக்கு 4 லட்சம் கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சேர்க்கலாமா? (ஒரு தந்தை, விருதுநகர்)

வேண்டாம் என்பேன். நான்கு ஆண்டுக்கு 16 லட்சம். விடுதியும் சாப்பாடும் தனி. அதில் பாதியை மட்டும், ஆண்டுக்கு 2 லட்சம் வீதம், 10 சதவீத வட்டிக்குக் கல்விக் கடனாக வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது, தனிவட்டி போட்டாலே அந்த 8 லட்சம் 10.8 லட்சம் ஆகியிருக்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 14,300 ரூபாய் வேண்டும். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் புதியவர்களுக்குப் பரவலாகக் கொடுத்துவருவது ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டிய சம்பளம்தான். பிடித்தம் போக வரும் பணத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போய்விடும். மீதி 8 லட்சம் உங்கள் சேமிப்பு, அதையும் மறந்துவிடாதீர்கள்.

இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அரசு நடத்தும் பொறியியல் கவுன்சலிங் வழியாகத் தனியார் கல்லூரியில் சேர்பவருக்கு 2017-இல் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 50,000 ரூபாய், என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள படிப்புக்கு 55,000. பேருந்து, விடுதிக் கட்டணங்களைத் தனியே கேட்டுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

விளம்பரப் பலகையில் இருக்கும் 'அதிகபட்ச பேக்கேஜ்' ஒரே ஒரு மாணவருடையது. மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் சமர்ப்பிக்கும் விவரம் இணையத்திலேயே கிடைக்கிறது. எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் (பாதிப் பேர் இதற்கு மேலும் பாதிப் பேர் இதற்குக் கீழும் வாங்குவது) என்ன என்று அதில் பாருங்கள். கல்லூரிக்கு நேரில் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அரசுக் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) கிடைக்கிறது. தனியார் கல்லூரியில் சி.எஸ்.இ. எது நல்லது?

அரசுக் கல்லூரி இ.சி.இ. பெரும்பாலான ஐ.டி. நிறுவனங்கள் எல்லாப் பிரிவினரையும் எடுக்கின்றன. அவர்கள் சோதிப்பது நிரல் எழுதும் திறமையை. சிப் வடிவமைப்புப் பக்கம் போகும் வழியும் உங்களுக்குத் திறந்திருக்கும். மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல லேப்டாப் வாங்குங்கள்.

ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் எடுத்தால் கூடுதல் மதிப்பா?

பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், அல்காரிதம் நான்கும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2024-25 முதல் தகுதியுள்ள கல்லூரிகளுக்கு இட உச்சவரம்பைத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டதால், இந்தப் பிரிவுகளில் பல இடங்களில் வகுப்புகள் பெருகியிருக்கின்றன. அதற்கேற்ப ஆசிரியர்களும் லேப்களும் கூடியிருக்கின்றனவா என்று படிக்கும் மாணவர்களிடமே விசாரியுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தேன். அப்பா கூலி வேலை. செலவுக்குப் பயந்து பி.எஸ்சி. போகச் சொல்கிறார்கள்.

தங்கையே, பயப்படாதே. 2021 சட்டப்படி உன்னைப் போன்றவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் தமிழக அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். கவுன்சலிங் பதிவின்போது அந்த ஒதுக்கீட்டைத் தவறாமல் குறிப்பிடு. வீட்டிலும் இதைப் படித்துக் காட்டு. ஜே.இ.இ. எழுதியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குள் என்றால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் கல்விக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி.

மகளின் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ரசீது இல்லாமல் 3 லட்சம் 'டொனேஷன்' கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடை வாங்குவது குற்றம். அந்தப் பணத்துக்கு வங்கிக் கடனும் கிடைக்காது. மகள் பாதியில் கல்லூரி மாறினால் திரும்பக் கேட்க உங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.