மைனஸ் 128 டிகிரி காட்டும் போர்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எம்பெடட் போர்டு ஒன்றில் லினக்ஸ் போட்டு சென்சார் அளவுகளைப் பார்த்தேன். 12 வோல்ட் லைன் 3.01 வோல்ட் என்கிறது, ஒரு வெப்பநிலை மைனஸ் 128 டிகிரி என்கிறது. ஆனால் போர்டு இரண்டு மாதமாக நிற்காமல் ஓடுகிறது. போர்டு பழுதா, சாஃப்ட்வேர் தப்பா?

பதில்: போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. 12 வோல்ட் நிஜமாகவே 3 வோல்ட்டுக்கு இறங்கியிருந்தால் அந்த எண்ணை நீங்கள் திரையில் படித்திருக்கவே முடியாது, போர்டு எப்போதோ அணைந்திருக்கும். வோல்ட்டையும் வெப்பநிலையையும் அளக்கிற கண்காணிப்புச் சிப்புக்குள் இருக்கிற ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) சில வோல்ட்டுக்கு மேல் அளக்காது, அதனால் போர்டை வடிவமைத்தவர் 12 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் வழியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மட்டும் சிப்புக்குக் கொடுத்திருப்பார். சிப் பார்ப்பது அந்தப் பங்கைத்தான். அது எத்தனையில் ஒரு பங்கு என்பது போர்டை வரைந்தவருக்குத்தான் தெரியும், டிரைவர் (சிப்பிலிருந்து எண்ணைப் படித்துக் கொடுக்கும் லினக்ஸ் நிரல்) பெரும்பாலும் சிப்பின் காலில் இருப்பதை அப்படியே ஒப்பித்துவிடும்.

சர்க்யூட் படம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இல்லையென்றால் பவரை எடுத்துவிட்டு, கண்காணிப்புச் சிப்பின் பக்கத்தில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒரு ரெசிஸ்டரின் முதுகில் 303, பக்கத்தில் இருப்பதில் 103 என்று பொடி எழுத்தில் இருந்தால், ஒன்று 30 கிலோ ஓம், இன்னொன்று 10 கிலோ ஓம். 10 கிலோ ஓம் தரைப் பக்கம் (கிரவுண்ட், அதாவது 0 வோல்ட் இணைப்பு) போகிறதென்றால் சிப்புக்குக் கிடைப்பது நாலில் ஒரு பங்கு. 3.01-ஐ 4-ஆல் பெருக்கினால் 12.04, கணக்கு சரியாக உட்காருகிறது பாருங்கள்! அப்புறம் பவர் கொடுத்து, மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைத் தரையிலும் சிவப்பு முனையை 12 வோல்ட் பின்னிலும் வைத்து ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து தவிர்க்காதீர்கள், ஏனென்றால் கணக்கு ஒத்துப்போனது தற்செயலாகக்கூட இருக்கலாம்.

சரிபார்த்த பிறகு லினக்ஸில் சென்சார் அளவுகளைக் காட்டும் எல்எம்-சென்சார்ஸ் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் அந்த லைனுக்கு ஒரு ‘கம்ப்யூட்’ வரி எழுதுங்கள். அதில் படிக்கும்போது 4-ஆல் பெருக்க ஒரு கணக்கு, அலாரம் எல்லையைச் சிப்புக்கு எழுதும்போது 4-ஆல் வகுக்க ஒரு கணக்கு, இரண்டும் வேண்டும்.

மைனஸ் 128 விஷயம் இன்னும் எளிது. 8 பிட்டில் குறியோடு எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான். சிப்பில் வெப்பநிலைக்கு மூன்று உள்ளீடு இருந்து, போர்டில் இரண்டுக்குத்தான் சூட்டை உணரும் டயோடு இணைத்திருக்கிறார்கள் என்றால் மூன்றாவது கால் சும்மா கிடக்கும், இப்படித்தான் உளறும். சில சிப்புகள் இதே நிலையில் 127 காட்டும், அதைப் பார்த்துப் பதறிப்போய் ஹீட் சிங்க்கைக் கழற்றியவர்களும் உண்டு. ஒரு ‘இக்னோர்’ வரி போட்டு மறைத்துவிடுங்கள்.

கேள்வி: பிராசசர் 71 டிகிரி காட்டுகிறது, போர்டில் இருக்கும் எல்எம்75 சென்சார் 46.5 காட்டுகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும். முதலாவது சிலிக்கானுக்கு உள்ளேயே இருக்கிற சென்சார், வேலை ஏறிய ஒரு நொடிக்குள் எண் தாவிவிடும். எல்எம்75 தன் உடம்புச் சூட்டைத்தான் அளக்கிறது, அந்தச் சூடு பெரும்பாலும் அதன் கால்கள் வழியாக போர்டின் செம்புப் பரப்பிலிருந்து வருவது, ஆகவே மெதுவாகத்தான் ஏறும். அரை டிகிரிப் படியில் எண் சொல்கிறதே என்று அரை டிகிரி துல்லியம் எதிர்பார்க்காதீர்கள், 2 டிகிரி முன்பின் இருக்கலாம். (சிஸ்எஃப்எஸ், அதாவது லினக்ஸ் கெர்னல் சென்சார் எண்களைக் கோப்பாகக் காட்டும் இடம், அங்கே கோப்பை நேரடியாகப் படித்தால் 46500 என்று வரும், அது டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) பிராசசரின் வேகத்தைக் குறைக்க உள்ளே இருக்கிற சென்சாரைப் பாருங்கள். பெட்டிக்குள் காற்றோட்டம் போதுமா என்பதற்கு போர்டு சென்சாரைப் பாருங்கள், நான் இதைத்தான் அதிகம் கவனிப்பேன். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ பாதியாகும் என்பது பழைய கைக்கணக்கு, பல வருடம் ஓட வேண்டிய போர்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

கேள்வி: விசிறி நிமிடத்துக்கு 2100 சுற்றுதான், திரையில் 4200 வருகிறதே?

பதில்: பெரும்பாலான விசிறிகள் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு அனுப்பும். உங்கள் டிரைவர் ஒன்று என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. டிரைவரில் துடிப்பு எண்ணிக்கைக்கு அமைப்பு இருந்தால் 2 வையுங்கள், இல்லையென்றால் கம்ப்யூட் வரியில் 2-ஆல் வகுத்துவிடுங்கள்.

கேள்வி: எந்தச் சிப் இருக்கிறதென்று தெரியவில்லை. சிப்பைத் தேடிக் கண்டுபிடிக்கும் சென்சார்ஸ்-டிடெக்ட் நிரலை ஓட்டலாமா?

பதில்: ஏஆர்எம் போர்டு என்றால் வேண்டாம். அது ஐ2சி பஸ்ஸில் (சிப்புகள் பேசிக்கொள்ளும் பொதுக் கம்பியில்) ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்க்கும், அந்த முகவரியில் சென்சார்தான் இருக்கும் என்று யார் சொன்னது? பவர் கட்டுப்பாட்டுச் சிப்போ, அமைப்புத் தகவலைச் சேமிக்கும் நினைவகச் சிப்பான ஈஈப்ராமோ இருக்கலாம். ஒரு காலத்தில் சில ஐபிஎம் திங்க்பேட் மடிக்கணினிகளில் இப்படித் தட்டிப் பார்த்ததில் ஈஈப்ராமே கெட்டுப்போனது. போர்டில் என்னென்ன சிப் இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பைத் திறந்து ஐ2சி பகுதியைப் படியுங்கள், சிப்பின் பெயரும் முகவரியும் அங்கேயே எழுதியிருக்கும். எல்எம்75 என்றால் முகவரி பதினறும எண்ணில் 48 முதல் 4எஃப் வரைக்குள் வரும்.