பூட்கேம்ப் தொடங்குமுன் இலக்குகளை எழுதுவதால் பயன் உண்டா?

கேள்வி: அடுத்த மாதம் ஒரு கோடிங் பூட்கேம்பில் (நிரல் எழுதக் கற்றுத்தரும் குறுகிய காலத் தீவிரப் பயிற்சி வகுப்பு) சேர்கிறேன். முதல் வகுப்புக்கு வரும்போது "என் இலக்குகளும் சுயமதிப்பீடும்" என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோர் முன்னிலையிலும் படிக்கவும் வேண்டுமாம். இது வெறும் சடங்கா? எழுதுவதால் உண்மையில் பயன் இருக்கிறதா? என்ன எழுதலாம்?

பதில்:

பயன் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் எழுதும் விதத்தைப் பொறுத்தே அது கிடைக்கும்.

வேறு துறையில் வேலை பார்த்துவிட்டு, பூட்கேம்ப் வழியாக மென்பொருள் பக்கம் வந்தவன் நான். பிறகு அதே மாதிரியான வகுப்புகளில் வழிகாட்டியாக உட்கார்ந்து, புதிதாகச் சேர்கிறவர்கள் எழுதித் தரும் இந்தப் பக்கங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். "ஃபுல் ஸ்டேக் டெவலப்பர் (திரையில் தெரிவது, பின்னணியில் இயங்குவது இரண்டையும் எழுதுபவர்) ஆக வேண்டும்", "நல்ல வேலை கிடைக்க வேண்டும்", "தன்னம்பிக்கை வளர வேண்டும்" என்ற வரிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். மனமார எழுதியவைதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாவது வாரத்தில், பாடம் தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் ஒரு மாலையில், அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தால் நாளைக் காலை எதில் கை வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரிகூடச் சொல்லாது. போன வாரத்தைவிட முன்னேறியிருக்கிறோமா என்றும் அதைக் கொண்டு கண்டுபிடிக்க முடியாது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். ஒரு காலிக் கோப்பைத் திறந்து, எதையும் பார்க்காமல், உங்களால் எந்த நிரலை எழுத முடிய வேண்டும் என்பதையே இலக்காக எழுதுங்கள். "ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்வேன்" என்பதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "இரண்டாம் வார முடிவில், பெயர்களின் பட்டியலை வாங்கி, ஒரே பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணித் தரும் ஃபங்ஷனை (ஒரு வேலையைச் செய்து தரும் சிறு நிரல்பகுதி) நானே எழுதுவேன்." இன்னும் சில வாரம் கழித்து, "படிவத்தில் தட்டச்சு செய்த தகவலை டேட்டாபேஸில் சேமித்து, பக்கத்தை ரீலோடு செய்தாலும் அது அங்கேயே இருக்கும்படி செய்வேன்." கடைசியில், "என் பிராஜெக்ட்டில் எந்த வரியைத் தொட்டுக் கேட்டாலும் அது ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்வேன்." முடிந்ததா, முடியவில்லையா என்று யாரையும் கேட்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தலைப்புகள் எந்த வாரத்தில் வரும் என்பது பாடத்திட்டத்தில் இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

காலிக் கோப்பை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் பூட்கேம்பின் வேகம். 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் தேவ் பூட்கேம்ப் தொடங்கிய காலத்திலிருந்தே இந்த வகுப்புகளின் ஆதாரக் கருத்து, பல மாதப் பாடத்தைச் சில வாரங்களில் செறிவாகக் கொடுப்பது. இன்று 12 முதல் 24 வாரம் வரை நடத்துகிறார்கள். பயிற்சியாளர் திரையில் எழுதிக்காட்டுவார், நீங்கள் கூடவே தட்டச்சு செய்வீர்கள், அது ஓடும். எல்லாம் புரிந்துவிட்டது என்ற உணர்வு அந்த நிமிடத்தில் உண்மையாகவே வரும். அந்த உணர்வை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இதை ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு அழகாகக் காட்டுகிறது. ஒரு பகுதி மாணவர்கள் உரைப்பகுதி ஒன்றைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு முறை படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான். இதில் கவனிக்க வேண்டியது, தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களும் திரும்பப் படித்தவர்கள்தான். சுயமதிப்பீடு என்று நாம் சொல்வது பல சமயம் இப்படித்தான் நம்மை ஏமாற்றுகிறது. வகுப்பில் எழுதியதை மறுநாள் காலை மூடிவைத்துவிட்டு, முதலிலிருந்து எழுதிப் பாருங்கள். பாதியில் நின்றால் நல்லது. எங்கே நிற்கிறீர்களோ அங்கேதான் அன்றைய படிப்பு தொடங்க வேண்டும்.

வேலை கிடைக்க வேண்டும் என்பதை எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாக எழுதுங்கள், ஆனால் தனி வரியாக. வேலை கொடுப்பது இன்னொருவர் கையில் இருக்கிறது. சந்தை எப்படி இருக்கிறது, அந்த மாதம் ஆள் எடுக்கிறார்களா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கிறது. முழுவதுமாக முடித்த இரண்டு பிராஜெக்ட், தெளிவாக எழுதிய ரீட்மீ (பிராஜெக்ட்டை விளக்கும் குறிப்புக் கோப்பு), புரியாத ஒருவருக்கும் புரியும்படி பெயரிட்ட கமிட்கள் (நிரலில் செய்த மாற்றங்களின் பதிவுகள்) ஆகியவை உங்கள் கையில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால், முதல் நிராகரிப்புக் கடிதம் வரும் நாளில் படித்ததே வீண் என்று தோன்றும். அது உண்மையாக இருக்காது.

இனி சுயமதிப்பீடு. "விடாமுயற்சி உள்ளவன், குழுவாக வேலை செய்வேன், நேர மேலாண்மையில் கொஞ்சம் குறைவு" என்று எழுதுவதைத் தயவுசெய்து தவிருங்கள். இதைப் படிக்கிற பயிற்சியாளருக்கு உங்களைப் பற்றி எதுவுமே தெரியவராது, உங்களுக்கும் தெரியவராது. அதற்குப் பதிலாக, கடைசியாக ஏதோ ஒன்று புரியாமல் திணறியபோது என்ன செய்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். நிரலாக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு இயந்திரமாக இருக்கலாம், கணக்காக இருக்கலாம், புது மொழியாக இருக்கலாம். உடனே யாரையாவது கேட்டீர்களா? யாரையும் கேட்காமல் நாள் முழுவதும் போராடினீர்களா? மூடிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டீர்களா? பூட்கேம்பில் நீங்கள் தினமும் திணறப்போகிறீர்கள். எல்லோரும் திணறுவார்கள், அந்தப் படிப்பின் இயல்பே அது. ஆகவே உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் நீங்கள் திணறும் விதம்.

அது தெரிந்தபின் ஒரு நிபந்தனை வாக்கியம் எழுதிக்கொள்ளலாம். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார்: "இதை அடைவேன்" என்று மட்டும் தீர்மானிப்பவர்களைவிட, "இப்படி ஒரு நிலை வந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள். நாள் முழுவதும் தனியாகப் போராடும் சுபாவம் என்றால், "ஒரே பிழையில் 30 நிமிடம் நின்றால், இதுவரை முயன்றதை நாலு வரியில் எழுதி உதவி கேட்பேன்" என்று எழுதுங்கள். உடனே கேட்கும் சுபாவம் என்றால், "பிழைச்செய்தியை முழுவதும் படித்து, எந்த வரி எண்ணைக் காட்டுகிறது என்று பார்த்தபிறகே கேட்பேன்" என்று எழுதுங்கள். கேள்வியை ஒழுங்காக எழுத உட்கார்ந்தபோதே விடை கிடைத்துவிட்டது என்று சொன்னவர்கள் என் வகுப்புகளில் ஏராளம்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இப்போதே ஒரு நிபந்தனை தேவை. அவை கேட்ட நொடியில் ஓடும் நிரலைத் தந்துவிடும், நீங்களும் வீட்டுப்பாடத்தை முடித்துவிடுவீர்கள், காலிக் கோப்பு மட்டும் காலியாகவே இருக்கும். நான் பரிந்துரைப்பது: முதல் முயற்சி உங்களுடையதாக இருக்கட்டும், அதன்பிறகு கருவியிடம் "இது ஏன் ஓடவில்லை" என்று காரணம் கேளுங்கள், வாய்விட்டு விளக்க முடியாத ஒரு வரியையும் உங்கள் பிராஜெக்ட்டில் ஒட்டாதீர்கள். வேலைக்குப் போனபின் அந்தக் கருவிகளை வேறு விதமாகப் பயன்படுத்தலாம். படிக்கும் மாதங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்த ஒரு பக்கம் முதல் நாளோடு முடிந்துவிடக் கூடாது. அதைத் தொடர்ந்து ஒரு பிழைக் குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் சுயபரிசீலனைக்கு இதைவிட நேர்மையான கருவி கிடையாது. கணினி அறிவியலின் மிகப் பெரிய ஆளுமைகளில் ஒருவரான டொனால்டு குனுத், டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதியபோது அதில் கண்டுபிடித்த பிழைகளையும் செய்த மாற்றங்களையும் 1978 முதல் வரிசையாகக் குறித்து வைத்தார். 1989இல் அந்தப் பட்டியலையே விளக்கக் கட்டுரையோடு வெளியிட்டார். ஒவ்வொன்றும் எந்த வகை என்று 15 எழுத்துகளால் பிரித்திருந்தார்: வழிமுறையே தவறானது ஒரு வகை, மறந்துவிட்டது ஒரு வகை, வெறும் தட்டச்சுப் பிழை ஒரு வகை. அவரே தன் பிழைகளை இவ்வளவு அக்கறையாக அடுக்கி வைத்திருக்கும்போது, கற்க வந்தவர்கள் பிழை என்றால் கூசிப்போக என்ன இருக்கிறது?

நம் குறிப்பேடு அவ்வளவு விரிவாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மாணவி காட்டிய பதிவு ஒன்று எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. மேலே பிழைச்செய்தி: 'அன்டிஃபைண்டு' (இன்னும் மதிப்பே இல்லாதது) ஒன்றிலிருந்து 'மேப்' (பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்துச் செயலாற்றும் கட்டளை) என்பதைப் படிக்க முடியாது என்று பிரவுசர் சொல்கிறது. அதன் கீழே, "நான் நினைத்தது: மேப் எழுதிய விதம் தப்பு. உண்மையில் நடந்தது: சர்வரிலிருந்து பட்டியல் வருவதற்கு முன்பே அதைத் திரையில் காட்டச் சொல்லிவிட்டேன். கண்டுபிடித்த விதம்: அந்த வரிக்கு மேலே கன்சோல் லாக் (மதிப்பை அச்சிட்டுக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்த்தேன்." அவ்வளவுதான். "நான் நினைத்தது", "உண்மையில் நடந்தது" என்ற இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தில்தான் கற்றலே நடக்கிறது என்பதால் இந்த வடிவம் எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சில வாரப் பதிவுகளைச் சேர்த்து வைத்துப் படித்தபோது, தன் பிழைகளில் பாதிக்கு மேல் இதே காத்திருக்காத வகை என்று அவரே கண்டுபிடித்தார். ஒத்திசைவற்ற செயல்பாடு (பதில் வரும்வரை நிற்காமல் நிரல் அடுத்த வரிக்குப் போய்விடுவது) பற்றிய பாடத்தைத் தானாகவே எடுத்து மறுபடி படித்தார். அடுத்த வார இலக்கை அவருக்கு வேறு யாரும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

இந்தக் குறிப்பேடு இன்னொரு விதத்திலும் கைகொடுக்கும். வகுப்பில் ஏற்கெனவே சில வருடம் நிரல் எழுதிய ஒருவர் நிச்சயம் இருப்பார். பயிற்சியாளர் கேள்வியை முடிக்குமுன் அவர் பதில் சொல்வார். நமக்கு இங்கே இடமில்லையோ, தவறுதலாக உள்ளே விட்டுவிட்டார்களோ என்ற எண்ணம் வரும். நன்றாகச் செயல்படுபவர்களிடமும் இந்த எண்ணம் இருப்பதை உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சூசான் ஐம்ஸ் இருவரும் 1978இலேயே எழுதிவிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது சாதனை படைத்த பெண்களை. அந்த எண்ணம் வராமல் தடுக்க முடியாது. வந்தால், அந்த ஆளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தைப் புரட்டுங்கள். அன்று அரை நாளைத் தின்ற பிழையை இன்று பார்த்தவுடன் சரிசெய்கிறீர்களா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் உங்களுக்கு மட்டும் தெரியும்படி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஏன் சேர்கிறீர்கள்? செய்யும் வேலை பிடிக்காததாலா, வருமானத்துக்காகவா, எதையாவது உருவாக்கிப் பார்க்கும் ஆசையாலா? எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் காரணத்துக்கேற்ப முடிவுகள் மாறும். வருமானம்தான் அவசரம் என்றால், வேலை விளம்பரங்களில் அதிகம் கேட்கப்படும் தொழில்நுட்பத்தில் ஆழமாகப் போவதே சரி. கவர்ச்சியாக இருக்கும் புதுப் பொருளையெல்லாம் தொட்டுப் பார்க்க நேரமில்லை. உருவாக்கும் ஆசை என்றால், கடைசிப் பிராஜெக்ட்டுக்கு உங்கள் பழைய தொழிலிலிருந்தே ஒரு சிக்கலை எடுங்கள். செவிலியராக இருந்தவர் பணிமுறை அட்டவணை போடும் செயலியை எழுதினால், நேர்முகத் தேர்வில் அதைப் பற்றி அவரைவிட நன்றாகப் பேச ஆள் இருக்காது.

கடைசியாக, எல்லோர் முன்னிலையிலும் படிக்கும் விஷயம். முழுப் பக்கத்தையும் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டாம் வார இலக்கு ஒன்றையும், உதவி கேட்பதற்கான நிபந்தனையையும் படியுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ஏன் சேர்கிறீர்கள் என்ற பகுதி உங்களோடு இருக்கட்டும். நீங்கள் திணறும் விதத்தைப் பற்றி எழுதியதை மட்டும் வகுப்பு முடிந்ததும் பயிற்சியாளரிடம் தனியாகக் கொடுங்கள். நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது யோசிக்கிறீர்களா, மாட்டிக்கொண்டிருக்கிறீர்களா என்று தெரியாமல் தடுமாறுவது எங்களுக்குத் தினசரி நடக்கிறது. அதை முதல் நாளே ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டால், சரியான நேரத்தில் அவர் பக்கத்தில் போய் நிற்க முடியும்.