ஒரே பறவைக்கு ஒரு பக்கம்

அன்புள்ள ஐயா,

நிலாவெளிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். எட்டாம், ஒன்பதாம் தரப் பிள்ளைகள் சிலரைச் சேர்த்துக்கொண்டு தை மாதம் முதல் சனிக்கிழமைகளில் பெரியகரச்சிக் களப்புக்குப் பறவை பார்க்கப் போகிறோம். கல்விச் சுற்றுலாவாக மன்னாருக்கும் புறாத்தீவுக்கும் போனபோதும் பிள்ளைகள் கொப்பியும் பென்சிலும் கொண்டுவந்தார்கள்.

அண்மையில் இந்தக் கொப்பிகளை ஒரு கண்காட்சிப் போட்டிக்குக் கொடுத்தோம். 62 பறவைகளின் பெயர்களை எழுதியவனுக்கு முதலிடம் கிடைத்தது. அவற்றில் பாதி பஸ் ஜன்னலால் பார்த்தவை, மீதி கைபேசிச் செயலி சொன்னவை. வேறொரு மாணவன் பல வாரங்களாக ஆட்காட்டி என்ற பறவை ஒன்றை மட்டுமே பார்த்து எழுதியிருந்தான். நடுவர் ஒருவர், “ஒரே பறவைக்கு ஒரு பக்கமா?” என்று கேட்டுக் கொப்பியை மூடிவைத்துவிட்டார். பையன் அதற்குப் பிறகு களப்புக்கு வரவில்லை.

மற்றவர்களின் கொப்பிகளில் ‘வெள்ளைக் கொக்கு 30’, ‘மண்ணிறக் குருவி 5’ என்றுதான் இருக்கிறது. எனக்கும் பெயர்கள் அவ்வளவாகத் தெரியாது. இவற்றுக்கு நான் எப்படிப் புள்ளி இடுவது? தொலைநோக்கி வாங்கித் தரும்படி பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் கேட்டேன். “இதனால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?” என்று கேட்கிறார்கள். என்ன சொல்லலாம்?

ஓர் ஆசிரியை, நிலாவெளி

(பெயரைத் தவிர்க்கும்படி கேட்டிருந்தார். கடிதத்தைச் சற்றுச் சுருக்கியிருக்கிறேன்.)

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

நீங்கள் அனுப்பிய கொப்பிப் பக்கங்களின் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். முதற்பரிசுப் பட்டியலை ஒரு முறை பார்த்ததோடு சரி. ஆட்காட்டிப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. நடுவர் மூடிவைத்தது அந்தக் கண்காட்சியிலேயே மிகச் சிறந்த பக்கத்தை.

அந்தப் பையன் என்ன எழுதியிருக்கிறான் என்று பாருங்கள். களப்போரத் தரையில், கூடு என்று சொல்லவும் முடியாத ஒரு சிறு பள்ளத்தில் நான்கு முட்டைகள். மாடு வந்தபோது பறவை ஓடவில்லை, முட்டைக்குப் பக்கத்திலேயே செட்டையை விரித்து நின்று கத்தியது. நாய் வந்தபோது தூரத்திலேயே எழும்பி, வேறோர் இடத்தில் போய் இறங்கிக் கத்தியது. கீழே ஒரு கேள்வி: “மாட்டுக்கு ஏன் பயப்படவில்லை?” மாடு முட்டையைத் தின்னாது, மிதித்துவிடும். ஆகவே அதற்குத் தன்னைக் காட்டி விலக வைக்க வேண்டும். நாய் தின்றுவிடும். அதற்கு முட்டை இருக்கும் இடத்தையே காட்டக் கூடாது, வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆபத்து எந்த வகையானது என்று பார்த்து ஆட்காட்டி இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. அதைப் பையன் எந்தப் புத்தகமும் இல்லாமல் பிடித்திருக்கிறான்.

அடுத்தது இன்னும் மேலானது. வெயில் ஏறிய பிறகு பறவை அடிக்கடி தண்ணீருக்குப் போய் நனைந்து வந்து மறுபடியும் முட்டையில் அமர்ந்தது என்று நேரத்தோடு எழுதியிருக்கிறான்: 10.20, 10.45, 11.05. பக்கத்தில், “தாகமாக இருக்கலாம் அல்லது குளிக்கிறது.” அவனிடம் சொல்லுங்கள், அது வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு வருவது முட்டையைக் குளிர்விக்க. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் கரையின் வெறுந்தரை எப்படிக் கொதிக்கும் என்பது செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத் தெரியும். முட்டையைச் சூடாக்குவதற்காகத்தான் பறவைகள் அடைகாக்கின்றன என்று பாடத்தில் படிக்கிறோம். இங்கே நண்பகலில் நடப்பது நேர்மாறானது: நிழல் கொடுப்பதும் ஈரம் கொடுப்பதும். பறவையியலாளர்கள் ஆட்காட்டியிடம் இந்தப் பழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். காரணத்தை அவன் தவறாக ஊகித்தது ஒரு குறையே அல்ல. பார்த்ததை ஒரு பக்கமும் ஊகித்ததை இன்னொரு பக்கமும் வைத்திருக்கிறான், பெரியவர்களே பலர் அதைச் செய்வதில்லை.

ஒரேயொரு எச்சரிக்கை. அவன் பனை வடலிகளுக்குப் பின்னால் நின்று பார்த்ததாக எழுதியிருப்பது நல்லது, அதைவிட நெருங்க வேண்டாம். நாம் எங்கே குனிகிறோம் என்று காகங்கள் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டையும் முட்டையையும் தொடுவது 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகலாம் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

சரி, புள்ளிக்கு வருகிறேன். பெயர்களுக்குப் புள்ளி இடாதீர்கள். இதுதான் நான் சொல்லக்கூடிய முக்கியமான விடயம். திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், நின்ற இடம், எண்ணிக்கை, பறவை செய்துகொண்டிருந்த வேலை ஆகியவற்றுக்கு இடுங்கள். பெயரைப் பிறகு யாரும் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். அன்று காலை அந்தக் களப்பில் என்ன நடந்தது என்பதை நின்று பார்த்தவர் மட்டுமே எழுத முடியும்.

‘மண்ணிறக் குருவி 5’ என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாணவி அதோடு நிறுத்தவில்லை: “வேலியடியில் சருகைக் கிளறின. எல்லாம் ஒன்றாகவே இருந்தன. ஒன்று கத்த மற்றவையும் கத்தின.” இது புலுனி. நம் வீட்டு வேலிகளில் எந்நேரமும் சண்டை பிடிப்பதுபோலக் கத்திக்கொண்டு திரியும் அதே கூட்டம். நிறத்தை மட்டும் எழுதியிருந்தால் என்னால் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது.

‘வெள்ளைக் கொக்கு 30’ கொஞ்சம் கடினம். நம் பக்கத்தில் வெள்ளையாக நிற்பவை குறைந்தது நான்கு வகை. அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளைக் கொக்கின் உடம்பை விட்டுவிட்டு அலகையும் காலையும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு அலகு, கறுப்புக் கால், ஆனால் விரல்கள் மட்டும் மஞ்சள் என்றால் அது சின்ன வெள்ளைக் கொக்கு. அது சும்மா நிற்காது. ஓடும், காலால் சேற்றைக் கலக்கி இரையை வெளியே வரவைக்கும். பெரிய வெள்ளைக் கொக்கு உயரம், கழுத்தில் ஒரு முறிவு இருக்கும், நெடுநேரம் அசையாமல் நிற்கும். கிட்டத்தில் பார்க்கக் கிடைத்தால் வாயின் கோடு கண்ணையும் தாண்டிப் பின்னால் போவது தெரியும். அந்தக் கோடு கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் அது நடுத்தரக் கொக்கு. குட்டையான மஞ்சள் அலகோடு, தண்ணீரை விட்டுத் தரவையில் மாடுகளுக்கு நடுவே நிற்பது உண்ணிக்கொக்கு. மாடோ உழவு இயந்திரமோ நகரும்போது கிளம்பும் பூச்சிகள்தான் அதற்கு வேண்டும். ஆகவே எட்டாம் தரத்துக்கு இப்போதைக்கு ஒரு பிரிவு போதும்: தண்ணீரில் நின்றவை இத்தனை, மாடுகளோடு நின்றவை இத்தனை. அந்த ஒரு கோடு போட்டாலே அந்த 30 பேசத் தொடங்கும்.

உங்கள் கொப்பிகள் எதிலும் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: தண்ணீர். களப்பில் எந்தப் பறவை நிற்கும் என்பதைப் பெரும்பாலும் நீர்மட்டந்தான் முடிவு செய்கிறது. மாரியில் களப்பு நிரம்பும், முகத்துவாரம் உடைத்துக் கடலோடு சேரும். மழை ஓய்ந்து நீர் வடிய வடியச் சேற்றுத்திட்டுகள் தலைகாட்டும், உள்ளான் என்ற கரைப்பறவைகளுக்குச் சாப்பாட்டு மேசை அப்போதுதான் விரிகிறது. ஓரத்து ஈரச் சேற்றில் கொசு உள்ளான், முழங்கால் ஆழத்தில் நெடிய சிவப்புக் கால்களுடைய பவளக்காலி, அதற்கும் அப்பால் நாரைகள் என்று கால் நீளத்துக்கு ஏற்ப வரிசை பிரியும். கொசு உள்ளான் உள்ளங்கைக்குள் அடங்கும் பறவை, நிறை சுமார் 30 கிராம். அது முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய ஆர்க்டிக் பகுதியின் மரமற்ற தூந்திர நிலத்தில். அவ்வளவு தொலைவிலிருந்து நிலாவெளிச் சேற்றுக்கு வந்து போகிறது. கரையில் ஒரு கம்பை நட்டு, சாண் கணக்கில் கோடு போட்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் நீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். செலவில்லை. ஒரு வருடம் கழித்துக் கம்பின் கணக்கையும் பறவைக் கணக்கையும் அருகருகே வைத்தால் பிள்ளைகளே உங்களுக்குப் பாடம் நடத்துவார்கள். முகத்துவாரம் எப்போது திறக்கும், எப்போது மணலால் மூடும் என்பதை அங்கே வலை வீசுபவர்களிடம் கேட்கட்டும், அதுவும் கொப்பியில் வரட்டும். ஒன்றுமே இல்லாத நாளில் ‘0’ என்று எழுத வேண்டும், பக்கத்தை வெறுமையாக விடக் கூடாது.

சுற்றுலாப் பட்டியல்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஓடும் பஸ்ஸிலும் செயலியிலும் கிடைத்த 62 பெயர்கள் எழுதியவனின் வேகத்தைக் காட்டுகின்றன, பறவைகளைக் காட்டவில்லை. அதற்காகப் பயணம் வீண் என்று சொல்ல வரவில்லை. பஸ்ஸிலிருந்து நன்றாகச் செய்யக்கூடிய ஒன்று உண்டு. ஹொரவப்பொத்தானையிலிருந்து வவுனியா வரை மின்கம்பியில் அமர்ந்திருக்கும் பறவைகளை மட்டும் எண்ணட்டும். பனங்காடையும் தகைவிலானும் போதும். அதே வீதியில் தை மாதமும் ஆனி மாதமும் எண்ணினால், தையில் கம்பி நிறைய இருந்த தகைவிலான்கள் ஆனியில் காணாமற்போயிருக்கும். பனங்காடை அங்கேயே இருக்கும். வந்துபோகும் பறவை எது, உள்ளூர்ப் பறவை எது என்று கரும்பலகையில் எழுதிப் போடத் தேவையே இருக்காது.

மன்னாரில் பூநாரை ‘ஆயிரக்கணக்கில்’ நின்றதாக ஒருவர் எழுதியிருக்கிறார். மன்னாரின் வங்காலை 2008இல் சரணாலயமாக்கப்பட்டு, 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். கூட்டம் பெரிதாக இருந்திருக்கலாம். ஆனாலும் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அதே அளவு கூட்டத்துக்குள் எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்க்கப் பழக்குங்கள். 400 என்று வந்தாலும் அது ‘ஆயிரக்கணக்கை’ விட உறுதியானது.

புறாத்தீவுக் குறிப்பு எனக்குப் பிடித்தது. “புறா 4, காகம் எண்ண முடியவில்லை. சாப்பாட்டுப் பொதி பிரித்த இடத்தில் நின்றன.” அந்தப் புறாக்கள் கோயில் கோபுரங்களில் நாம் பார்க்கும் புறாக்களின் காட்டு மூதாதை வகை, பாறை இடுக்குகளில் கூடு வைப்பவை. தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசிய பூங்காவானது. படகில் போகிறவர்கள் பவளப் பாறையையும் மீனையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். தீவுக்குப் பெயர் கொடுத்த பறவையை எண்ணி, அதற்குப் பக்கத்தில் காகத்தையும் சோற்றுப் பொதியையும் சேர்த்து எழுதியவள் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை. முதலிடம் யாருக்கு என்று என்னைக் கேட்டிருந்தால் நான் திணறியிருப்பேன்.

இப்போது அபிவிருத்திச் சங்கத்தின் கேள்வி. 1870களில் வில்லியம் வின்சென்ட் லெக் என்ற பீரங்கிப் படை அதிகாரி இலங்கைப் பறவைகளைப் பற்றி எழுதியபோது திருகோணமலைச் சுற்றுவட்டாரத்தையும் பதிவு செய்தார். எந்த இடம், எந்த மாதம் என்று எழுதிவைத்ததால்தான் அவரை இன்றும் புரட்டுகிறார்கள். (அவர் பறவைகளைப் பெரும்பாலும் சுட்டு விழுத்தித்தான் பார்த்தார், அது வேறு கதை.) பிறகு நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதைச் சங்கத்தில் இருக்கும் மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. களப்போரமாகத் தொலைநோக்கியுடன் நிற்பது உயிராபத்தாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த ஆண்டுகளின் பக்கங்கள் பெரும்பாலும் எழுதப்படாமலே போயின. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. ஒரே இடம், ஒரே பருவம், ஆண்டுதோறும் என்பதே அதன் அடிப்படை. உங்கள் பாடசாலை ஒரு களப்பைப் பத்து வருடம் விடாமல் எழுதினால், அந்தக் களப்புக்கு ஒரு பிறப்புப் பதிவேடு கிடைக்கும். இன்று எழுதும் பிள்ளைகள் வெளியேறிய பிறகும் அடுத்த தரம் தொடரலாம். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகம் நடத்தும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையத்தளத்திலும் இவற்றைப் பதியலாம். அங்கும் நேரமும் தூரமும் எண்ணிக்கையும்தான் முதலில் கேட்பார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976இல் தொடங்கிய களப் பறவையியல் குழுவுக்கு எழுதிப் பாருங்கள்.

கைபேசிச் செயலியைத் தடை செய்ய வேண்டாம். ஆனால் அது குரலை வைத்துச் சொன்ன பெயரை, பறவையைக் கண்ணால் பார்க்கும்வரை பென்சிலால் எழுதி அருகில் ஒரு கேள்விக்குறி போடட்டும்.

தொலைநோக்கி வாங்குவதானால் 8 மடங்கு, 42 மில்லிமீற்றர் வில்லை போதும். 10 மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். பிள்ளைகளின் கையில் படம் ஆடும். குழுவுக்கு ஒன்று இருந்தால் போதும், ஒருவர் பார்த்துச் சொல்ல ஒருவர் எழுதலாம். பணம் கிடைக்காவிட்டால் காத்திருக்காதீர்கள். காலையில் கடற்கரைப் பக்கமாக நின்று, சூரியன் முதுகில் விழும்படி களப்பைப் பார்த்தால் வெறுங்கண்ணுக்கே நிறையத் தெரியும்.

ஆட்காட்டிப் பையனுக்குத் தனியே ஒரு கடிதம் எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன், அவனிடம் சேர்த்துவிடுங்கள். தண்ணீருக்குப் போய் வந்தது ஒரே பறவையா, சோடி இரண்டும் மாறி மாறிப் போயினவா என்று அதில் கேட்டிருக்கிறேன். வரும் ஜனவரியில் நானும் உங்களோடு வருகிறேன். காலை ஆறு மணிக்குத் தொடங்குவோம். திருகோணமலைத் துறைமுகப் பக்கமும் போக வேண்டும் என்றால் அது கடற்படைப் பகுதி. அதிபரின் கடிதத்தோடு முன்கூட்டியே அனுமதி எடுத்துவையுங்கள்.

அன்புடன்.