காட்டை அளக்கும் படிப்புக்கு மகளை அனுப்பலாமா?

கூடலூர் அம்மாவுக்கு வணக்கம். விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறவர் நீங்கள். "நான்தான் காட்டிலேயே கிடக்கிறேன், படிக்கிற பிள்ளையும் காட்டுக்கே போக வேண்டுமா?" என்று கேட்டீர்கள். பத்தாம் வகுப்பு முடித்த உங்கள் மகளிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் பதில் எழுதுகிறேன்.

அவள் கேட்பது தடியோடு காவல் நிற்கும் வேலை இல்லை. காட்டில் எத்தனை மரம், அவற்றிலும் மண்ணிலும் எவ்வளவு கார்பன் என்று கணக்கெடுக்கும் வேலை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மரம் இழுத்து, கார்பனாகத் தனக்குள் சேர்த்து வைக்கிறது. பூமி சூடாவதைக் கட்டுப்படுத்தப் போட்ட பாரிஸ் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் இந்தக் கணக்கைத் தாங்களே எடுத்து உலகத்துக்குக் காட்ட வேண்டும். 2030க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை ஈர்த்து வைப்போம் என்று இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறது. சொன்னபடி செய்தோமா என்பதை அளந்துதானே சொல்ல முடியும்? 1965இல் ஐ.நா. உதவியோடு தொடங்கிய காட்டுக் கணக்கெடுப்பு, 1981இல் டேராடூனில் இந்திய வன ஆய்வு நிறுவனமாக வளர்ந்தது. அதன் 2023ஆம் ஆண்டு அறிக்கை, நம் காடுகளில் சுமார் 728 கோடி டன் கார்பன் இருப்பதாகச் சொல்கிறது. அதில் பாதிக்கு மேல் மண்ணுக்குள் இருக்கிறது.

இந்தப் பெரிய எண்ணெல்லாம் ஒரு டேப்பில்தான் தொடங்குகிறது. என் வீட்டுப் பலா மரத்தை உங்கள் மகளை அளக்கச் சொன்னேன். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில் சுற்ற வேண்டும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கம் நின்று உயரம் பார்க்க வேண்டும். முதல் முறை டேப் பின்பக்கம் சரிந்துவிட்டது, 99 சென்டிமீட்டர் வந்தது. நேராக்கியபின் 94. ஐந்து சென்டிமீட்டர்தானே என்றாள். மரத்தின் எடையை வைத்துத்தான் கார்பனைக் கணக்கிடுகிறோம், அந்த எடை சுற்றளவைப் போல் நேராக ஏறாது, அதைவிட வேகமாக ஏறும்; சுற்றளவில் நூற்றுக்கு ஐந்து பிசகினால் எடையில் பன்னிரண்டு, பதின்மூன்று பிசகும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். எதுவும் பேசாமல் எழுந்துபோய் மறுபடி அளந்தாள். அம்மா, அந்தக் குணம் சொல்லிக்கொடுத்து வருவதில்லை.

நீங்கள் வேலை செய்யும் ஏலத் தோட்டத்தையே பாருங்கள். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மர நிழல் இருந்தால், நிலம் யாருடையதானாலும், அது வனப்பரப்புக் கணக்கில் சேரும். செயற்கைக்கோளுக்குத் தெரிவது மேலே உள்ள இலைப்பரப்பு மட்டும். அதன் கீழே ஏலச் செடி இருக்கிறதா, எந்த நிழல் மரத்தை வெட்டினார்கள், எதைக் கிளை கழித்தார்கள் என்பது நடந்து போய்ப் பார்ப்பவருக்குத்தான் தெரியும். உங்கள் மகளுக்கு அந்த மலை பழகிய இடம். நாட்டுக்கு இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் வேண்டும்.

பெண்பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பும் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் தனியாகப் போக மாட்டார்கள், குழுவாகத்தான் போவார்கள். வேலையில் பெரும்பகுதி கணினி முன்னால். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: படித்து முடித்ததும் கிடைப்பவை பெரும்பாலும் ஆராய்ச்சித் திட்டங்களில் ஒப்பந்த வேலைகள். நிரந்தர வேலைக்குத் தேர்வு எழுதிக் காத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று வருடம் பொறுக்க வீட்டில் தெம்பு இருக்கிறதா என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

படிக்க மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிதான் முதல் இலக்கு. நான்கு வருட வனவியல் படிப்பு, பிளஸ் டூ மதிப்பெண்ணில் சேர்க்கை. கேரளத்தில் வெள்ளானிக்கரையிலும் இருக்கிறது, அதற்கு நீட் எழுத வேண்டும். பதினொன்றாம் வகுப்பில் உயிரியலும் கணக்கும் சேர்ந்த பிரிவையே எடுக்கட்டும். கணக்கு கஷ்டம் என்று யாராவது சொன்னால் அதற்காக விட்டுவிட வேண்டாம். பின்னால் புள்ளியியல் இல்லாமல் இந்தத் துறையில் ஓர் அடி நகர முடியாது.

அவள் அப்பா தேனியில் தனியார் பள்ளி பார்ப்பதாகச் சொன்னாள். தயவுசெய்து மாற்றாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீடு கிடைக்கும், கல்லூரியில் மாதம் ஆயிரம் ரூபாய் தமிழக அரசின் புதுமைப்பெண் திட்ட உதவியும் வரும். பள்ளிச் சேர்க்கை முடிவதற்குள் அவரையும் அழைத்துக்கொண்டு ஒருமுறை வந்து போங்கள்.