அடுப்படி கேள்வி – பதில்: சப்பாத்திக் கட்டை

கேள்வி: ஐப்பசி, கார்த்திகை வந்தால் சப்பாத்திக் கட்டையில் கறுப்புப் புள்ளி விழுகிறது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அது பூஞ்சை. மழைக்காலத்தில் கடலோரக் காற்றே ஈரமாக இருக்கும். கழுவிய கட்டையை உடனே டிராயரில் போட்டு மூடினால் மரம் குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லை. ஒட்டியிருக்கும் மாவு பூஞ்சைக்குத் தீனியாகிறது. கைப்பிடி தனியாகச் சுழலும் கட்டையா? அப்படியென்றால் கைப்பிடி நுழையும் துளையோரத்தைப் பாருங்கள். மாவும் ஈரமும் தங்குவது அங்கேதான். நம் ஊருக்கு ஒரே மரத்தில் கடைந்த கட்டைதான் நல்லது.

காய்ந்த மாவைக் கத்தி முதுகால் சுரண்டுங்கள். ஒரு ஸ்பூன் உப்பு தூவி, எலுமிச்சை மூடியால் மர ரேகை ஓடும் பக்கமாகவே தேயுங்கள். 5 நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலோரம் நிறுத்தி நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள். உச்சி வெயில் ஆகாது. மேல்மரம் முதலில் சுருங்கும், உள்ளே ஈரம் நிற்கும், வெடிப்பு விழும். புள்ளி மிஞ்சினால் 220 நம்பர் உப்புத்தாள் போட்டு, தூசி போகத் துடையுங்கள். வெடிப்புக்குள் கறுப்பு இறங்கியிருந்தால் கட்டையை மாற்றிவிடுங்கள். இனிமேல் தண்ணீரில் ஊறப்போடவே வேண்டாம்.

கேள்வி: சப்பாத்தி நடுவில் கிழிகிறது, ஓரம் தடிக்கிறது, உப்புவதும் இல்லை.
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: கட்டையை கிரானைட் மேடையில் உருட்டி, கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். இரு நுனியிலும் வெளிச்சம் தெரிந்தால் அது நடு பருத்த கட்டை. நடு மாவைத்தான் அதிகம் அழுத்தும். அது குறையில்லை, தேய்க்கும் விதத்தை மாற்றினால் போதும். 35 கிராம் உருண்டை உள்ளங்கை அகலம் வந்ததும் நடுவை விட்டுவிடுங்கள். கட்டையின் பருத்த பகுதியை ஓரத்தில் வைத்து லேசாக உருட்டினால் சப்பாத்தி தானே சுற்றிக்கொடுக்கும். 16 செ.மீ. அகலம் போதும். கிழிந்த இடத்தில் ஆவி தப்பிவிடும், பிறகு எப்படி உப்பும்? மாவு 240 கிராமுக்குத் தண்ணீர் சுமார் 150 மில்லி. பிசைந்து 30 நிமிடம் மூடி வையுங்கள். ஊறாத மாவு தேய்க்கத் தேய்க்கச் சுருங்கும்.

கேள்வி: பூரிக்கும் மாவு தொட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: வேண்டாம். உதிரும் மாவு வாணலி அடியில் கருகி எண்ணெயைக் கறுப்பாக்கும். கட்டையில் இரண்டு சொட்டு எண்ணெய் தடவுங்கள். சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமாகத் தேயுங்கள். மெலிந்தால் அப்பளம்போல் மொறுமொறுத்துவிடும்.